ஸ்லிப்பை எடுத்த கப்டன் பயந்தவரா? டெஸ்டில் தற்காப்பு ஆட்டம் பற்றி ஓர் அறிமுகம்

டெஸ்ட் கிரிக்கெட்டை இப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருக்கும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி அநேகமாக இதுதான்: ஐந்து நாள் விளையாடியும் ஒருவரும் வெல்லவில்லை என்றால் அந்த ஐந்து நாளும் எதற்கு? அடுத்த கேள்வி உடனே வரும். கப்டன் ஏன் ஆட்களை எல்லைக்கோட்டுக்கு அனுப்புகிறார், அவருக்கு வெல்ல விருப்பமில்லையா? ஜஃப்னா கிங்ஸ் ஆட்டங்களோடும் ஐபிஎல்லோடும் வளர்ந்தவர்கள் இப்படிக் கேட்பது நியாயம். பதில் தெரிந்துவிட்டால், பிறகு கடைசி நாள் ஆட்டத்தை விட்டு எழும்ப மனம் வராது.

யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்கு இதைப் பழக நல்ல இடம் ஒன்று இருக்கிறது. 1904இல் தொடங்கிய வடக்கின் பெரும் போர். பரியோவான் கல்லூரியும் மத்திய கல்லூரியும் மார்ச் மாதத்தில் மத்திய கல்லூரி மைதானத்தில் மூன்று நாள் மோதும் அந்த ஆட்டம், இரண்டு இன்னிங்ஸ் கொண்ட சின்ன டெஸ்ட் போட்டிதான். மூன்றாம் நாள் தேநீர் இடைவேளைக்குப் பிறகு, பப்பரே சத்தத்துக்கு நடுவிலும், மைதானத்தைச் சுற்றி நடக்கும் வாக்குவாதம் இப்படித்தான் இருக்கும்:

"என்ன தம்பி, உவன் ஸ்லிப்பை எடுத்துப்போட்டான்?"

"ஓட்டம் போகுதெல்லோ அண்ணை. தோத்தா பிறகு ஆர் பதில் சொல்லுறது?"

ஸ்லிப் என்பது விக்கெட் காப்பாளருக்குப் பக்கத்தில், விளிம்பில் பட்டு வரும் பந்தைப் பிடிக்க நிற்கும் இடம். இரண்டு பேர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. யார் சொல்வது எப்போது சரி என்று பிரித்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கணக்கு. ஒருநாள் போட்டியிலும் இருபது ஓவர் போட்டியிலும் எதிரணியின் ஒரு விக்கெட்டைக்கூட எடுக்காமல் வெல்லலாம். அவர்களைக் குறைந்த ஓட்டத்தில் மறித்துவிட்டால் போதும். டெஸ்டில் அது நடக்காது. எதிரணியின் இரண்டு இன்னிங்ஸும் முடிய வேண்டும், அதாவது இருபது விக்கெட் விழ வேண்டும். அவர்களாகவே டிக்ளேர் செய்தால், அதாவது பத்து விக்கெட்டும் விழுமுன் இன்னிங்ஸைத் தாங்களே நிறுத்திக்கொண்டால் மட்டும் அந்த எண் குறையும். எத்தனை நூறு ஓட்டம் முன்னிலையில் இருந்தாலும் சரி, கடைசி நாள் ஆட்டம் முடியும்போது எதிரணிக்கு ஒரு விக்கெட் மிச்சமிருந்தால் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை.

1997 ஓகஸ்டில் கொழும்பு பிரேமதாச மைதானத்தில் இந்தியாவுக்கு எதிராக இலங்கை 6 விக்கெட்டுக்கு 952 ஓட்டங்கள் குவித்தது. டெஸ்ட் வரலாற்றில் ஓர் இன்னிங்ஸில் இன்றுவரை அதைவிடக் கூடிய ஓட்டத்தை எவரும் எடுக்கவில்லை. சனத் ஜயசூரிய 340, ரொஷான் மஹாநாம 225. இருந்தும் இலங்கை அந்தப் போட்டியை வெல்லவில்லை. முதலில் ஆடிய இந்தியா 8 விக்கெட்டுக்கு 537இல் டிக்ளேர் செய்திருந்தது; அதற்கு மேல் ஒரு விக்கெட்டும் எடுக்க நேரமில்லை. 952 என்ற எண்ணை எல்லோருக்கும் தெரியும், முடிவு என்னவென்று கேட்டால் பலர் யோசிப்பார்கள்.

நாளொன்றுக்கு 90 ஓவர், ஐந்து நாளுக்கு 450. மழை, வெளிச்சக் குறைவு எல்லாம் இதில் இருந்துதான் கழியும். கப்டன் செலவழிப்பது இரண்டு பொருளை: ஓட்டம், நேரம். விக்கெட் வேண்டுமென்றால் இவற்றில் ஒன்றையாவது கொடுக்க வேண்டும். தற்காப்பு என்று நாம் சொல்வதெல்லாம், அவர் இவற்றில் எதைக் கொடுக்க மறுக்கிறார் என்பதைப் பற்றியது.

இனிக் களத்தடுப்பு. பதினொரு பேரில் பந்து போடுபவரையும் விக்கெட் காப்பாளரையும் கழித்தால் ஒன்பது பேர். அந்த ஒன்பது பேரையும் இரண்டு வகையாகப் பாருங்கள்: பிடிக்க நிற்பவர்கள், தடுக்க நிற்பவர்கள். ஸ்லிப், கலி, ஷோர்ட் லெக், சில்லி பொயின்ற் எல்லாம் பிடிக்க நிற்கும் இடங்கள். அங்கே நிற்பவருக்கு ஒரு மணித்தியாலமாக ஒரு பந்தும் வராமல் போகலாம். வரப்போகும் அந்த ஒரு பந்துக்காகத்தான் அவர் குனிந்து நிற்கிறார். டீப் பொயின்ற், டீப் ஸ்குயர் லெக், லோங் ஒன் எல்லாம் தடுக்க நிற்கும் இடங்கள். கவர், மிட் ஓஃப் போன்றவை இடைநடுவே.

இருபது ஓவர் ஆட்டத்தில் எந்த நேரத்திலும் ஐந்து பேருக்கு மேல் வட்டத்துக்கு வெளியே நிற்க முடியாது. டெஸ்டில் வட்டமே கிடையாது. கப்டன் விரும்பினால் ஒன்பது பேரையும் எல்லைக்கோட்டில் நிறுத்தி வேலி அடைத்ததுபோல் விடலாம். விதி மறிப்பது ஒன்றைத்தான்: லெக் பக்கத்தில் துடுப்பாட்ட வீரரின் கோட்டுக்குப் பின்னால், விக்கெட் காப்பாளரைத் தவிர, இரண்டு பேருக்கு மேல் நிற்கக் கூடாது. ஆகவே டெஸ்டில் களத்தடுப்பு முழுக்க முழுக்கக் கப்டனின் மனதைக் காட்டும். விதி கட்டிப்போட்டது என்று அவர் சாட்டுச் சொல்ல முடியாது.

இரண்டாவது ஸ்லிப்பில் நிற்பவரை டீப் பொயின்ற்றுக்கு அனுப்பினால் என்ன நடக்கும்? ஓஃப் ஸ்டம்புக்கு வெளியே வரும் அகலமான பந்தை வெட்டி அடித்தால் முன்பு நான்கு ஓட்டம், இனி ஒன்று. இது வரவு. செலவு அடுத்த ஓவரிலேயே தெரியவரலாம். நல்ல நீளத்தில் விழுந்த பந்து கொஞ்சம் வெளியே நகர்கிறது, துடுப்பின் விளிம்பைத் தொடுகிறது, முதலாவது ஸ்லிப் பாய்ந்தும் எட்டாத தூரத்தில் இடுப்பளவு உயரத்தில் போய் எல்லைக்கோட்டைத் தொடுகிறது. பந்துவீச்சாளர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு, பந்து போன வழியைப் பார்க்காமல் கப்டனைப் பார்க்கிறார். அந்தப் பார்வையை மைதானத்தில் பார்த்தவர்களுக்கு, ஓர் ஆளை இடம் மாற்றுவது எவ்வளவு பெரிய முடிவு என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு செலவு இருக்கிறது. அது ஸ்கோர் பலகையில் வராது. ஆட்கள் தூரத்தில் நிற்கும்போது துடுப்பாட்ட வீரருக்கு ஒற்றை ஓட்டம் எப்போதும் கிடைக்கும். முனை மாறிக்கொண்டே இருக்கும், பதற்றம் தணியும், பந்துவீச்சாளர் ஒருவருக்கே தொடர்ந்து ஆறு பந்து போட்டு அவரை மடக்க முடியாது. முக்கியமாக, பழகிய ஒரு துடுப்பாட்ட வீரரும் பின்வரிசைப் பந்துவீச்சாளர் ஒருவரும் சேர்ந்து ஆடும்போது பல கப்டன்கள் ஒரு பழக்கம் வைத்திருக்கிறார்கள். பழகியவருக்குத் தாராளமாக ஒற்றை ஓட்டத்தைக் கொடுத்துவிட்டுப் பின்வரிசைக்காரரை மட்டும் தாக்குவது. கேட்க நல்ல திட்டம்தான்.

2014 ஜூனில் ஹெடிங்லியில் அந்தத் திட்டத்துக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். முதல் இன்னிங்ஸில் 108 ஓட்டம் பின்தங்கியிருந்த இலங்கை, இரண்டாவது இன்னிங்ஸில் 7 விக்கெட்டுக்கு 277. மொத்த முன்னிலை 169 மட்டுமே. களத்தில் அஞ்சலோ மத்தியூஸ், அவரோடு ரங்கன ஹேரத். இங்கிலாந்து கப்டன் அலஸ்ரெயர் குக் மத்தியூஸுக்கு ஆட்களை எல்லைக்கோடு வரை பரப்பிவிட்டார். மத்தியூஸ் வேண்டிய பந்துக்கு ஒற்றை எடுத்தார், வேண்டிய பந்தை அடித்தார். ஹேரத்துக்குப் போட மிஞ்சிய பந்துகளை ஹேரத் பொறுமையாக மறித்தார். எட்டாவது விக்கெட்டுக்கு 149 ஓட்டம். மத்தியூஸ் 160, ஹேரத் 48. இலக்கு 350 ஆனது. இங்கிலாந்து 100 ஓட்டங்களால் தோற்றது, தொடரையும் இழந்தது. குக் மேல் அன்று விழுந்த கண்டனம் முழுவதும் நியாயம் என்றே நினைக்கிறேன். எதிரணி ஏழு விக்கெட்டை இழந்து தடுமாறும் நேரத்தில் அவர் காத்தது நான்கு ஓட்டங்களை. விட்டுக்கொடுத்தது ஆட்டத்தின் பிடியை.

ஆனால் ஆட்களைப் பரப்பிய எல்லாக் கப்டன்களும் பயந்தவர்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 2008 நவம்பர், நாக்பூர். இந்தியாவின் 441க்குப் பதிலாக அவுஸ்திரேலியா இரண்டாம் நாள் முடிவில் 2 விக்கெட்டுக்கு 189, அதுவும் வேகமாக. மூன்றாம் நாள் காலை இந்தியக் கப்டன் தோனி எட்டுப் பேரை ஓஃப் பக்கமும் ஒரே ஒருவரை லெக் பக்கமும் நிறுத்தினார். சகீர் கானும் இஷாந்த் சர்மாவும் ஓஃப் ஸ்டம்புக்கு நன்றாக வெளியே, கிட்டத்தட்ட துடுப்பு எட்டாத கோட்டில் போட்டுக்கொண்டே இருந்தார்கள். பார்க்கச் சலிப்பாகத்தான் இருந்தது. விமர்சகர்கள் பலர் திட்டினார்கள். 355இல் சுருண்டபோது அவுஸ்திரேலியா அந்த நாளில் சேர்த்திருந்தது 166 ஓட்டம் மட்டுமே. இந்தியா 172 ஓட்டங்களால் வென்று தொடரை 2–0 எனக் கைப்பற்றியது.

தோனிக்கும் குக்குக்கும் என்ன வித்தியாசம்? வென்றவரைப் புகழ்வதும் தோற்றவரைத் திட்டுவதும் சுலபம், அது ஆய்வாகாது. நாக்பூரில் ஓட்டம் எடுத்தே ஆக வேண்டியது அவுஸ்திரேலியா. தொடரில் பின்தங்கியிருந்த அவர்களுக்கு நேரம் போகப் போக நெருக்கடி. ஓட்டத்தை மூடியபோது அவர்கள்தான் பொறுமை இழந்து விக்கெட் கொடுத்தார்கள். ஹெடிங்லியில் மத்தியூஸுக்கு அவசரமே இல்லை. அவசரம் இல்லாதவருக்கு முன்னால் எல்லைக்கோட்டை மூடினால் அவருக்கு ஒரு நெருக்கடியும் வராது. புதிதாகப் பார்ப்பவர்கள் இதை முதலில் பார்க்கப் பழகினால் நல்லது: ஆள் எங்கே நிற்கிறார் என்பதோடு, இப்போது யாருக்கு அவசரம் என்பதையும்.

பந்து போடும் கோட்டிலும் தற்காப்பு உண்டு. இதில் மிகக் கடுமையாக வாதிக்கப்பட்ட போட்டி 2001 டிசம்பரில் பெங்களூரில் நடந்தது, அது வெற்றி தோல்வியின்றி முடிந்தது. தொடரில் 0–1 எனப் பின்தங்கியிருந்த இங்கிலாந்தின் கப்டன் நாசர் ஹுசைனுக்கு முன்னால் இருந்த பெரிய பிரச்சினை சச்சின் டெண்டுல்கர். இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் அஷ்லி ஜைல்ஸ் விக்கெட்டுக்கு மேலாக வந்து, லெக் ஸ்டம்புக்கு வெளியே, பந்துவீச்சாளர்களின் காலடி பட்டுக் கரடுமுரடான இடத்தில் பந்தைக் குத்திக்கொண்டே இருந்தார். அந்தக் கோட்டில் விழும் பந்து காலில் பட்டாலும் எல்பிடபிள்யூ முறையில் ஆட்டமிழப்புக் கொடுக்க முடியாது. டெண்டுல்கர் காலை முன்னே வைத்து, பந்தைக் கால்காப்பில் வாங்கித் தள்ளினார். அடுத்த பந்தும் அப்படியே. அடுத்ததும் அப்படியே. ஓட்டமும் இல்லை, ஆட்டமிழப்பும் இல்லை, ரசிகர்கள் கூச்சல். கடைசியில் 90 ஓட்டத்தில் பொறுமை போய் இறங்கி வந்தார், விக்கெட் காப்பாளர் ஜேம்ஸ் ஃபொஸ்ரர் ஸ்டம்பைத் தட்டினார். டெண்டுல்கர் டெஸ்ட் வாழ்க்கையில் ஸ்டம்பிங் முறையில் ஆட்டமிழந்தது அந்த ஒரே தடவைதான். இந்தியா 238, இங்கிலாந்து அதற்கு முன் 336. பிறகு மழை ஆட்டத்தைக் கெடுத்தது.

கிரிக்கெட்டைக் கொல்லும் வேலை என்று அன்று பலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல் நின்ற நல்ல ஆட்டம் அது. ஹுசைனிடம் முரளி, வோர்ன் போன்ற சுழற்பந்து மேதை இல்லை. இருந்ததை வைத்து உலகின் சிறந்த துடுப்பாட்ட வீரரைக் கட்டிப்போட்டார். அதேநேரம், எதிர்த்தரப்பில் நின்றது ஒரு சாதாரண துடுப்பாட்ட வீரர் என்றால் இந்தக் கோட்டை நான் ஆதரிக்க மாட்டேன். விக்கெட் எடுக்கக்கூடிய இடத்தில் அதை எடுக்க முயலாமல் நேரத்தைப் போக்குவது அது.

அப்புறம் டிக்ளேர். தற்காப்புக் கப்டனைப் பற்றிய சண்டைகளில் பாதி இதைச் சுற்றியே வரும். எப்போது நிறுத்துவது? சீக்கிரம் நிறுத்தினால் எதிரணி இலக்கை எட்டிவிடலாம். பிந்தி நிறுத்தினால் பத்து விக்கெட் எடுக்க நேரம் போதாது.

கப்டன்கள் ஏன் பயப்படுகிறார்கள் என்று தெரிய வேண்டுமென்றால் 1968இல் போர்ட் ஒஃப் ஸ்பெயினுக்குப் போக வேண்டும். சமநிலையில் சலித்துப்போன தொடரில் மேற்கிந்தியத் தீவுகளின் கப்டன் கரி சோபர்ஸ் 2 விக்கெட்டுக்கு 92இல் டிக்ளேர் செய்தார். இங்கிலாந்துக்கு 165 நிமிடத்தில் 215 ஓட்டம். இங்கிலாந்து 7 விக்கெட்டால் வென்றது, தொடரும் அவர்களுக்கே போனது. சோபர்ஸ் மாதிரி ஒரு மேதைக்கே அந்த முடிவு ஆயுள் முழுக்கப் பழியாக ஒட்டிக்கொண்டது. இதைக் கேட்டு வளர்ந்த எந்தக் கப்டனும் இன்னும் முப்பது ஓட்டம் வைத்துக்கொள்வோமே என்றுதான் நினைப்பார்.

அந்த முப்பது ஓட்டத்தின் விலையைக் காட்டியதும் அதே 2014 தொடர்தான், ஹெடிங்லிக்கு முந்தின போட்டி, லோர்ட்ஸ். நான்காம் நாள் மாலை கரி பலன்ஸ் தன் முதலாவது சதத்தை எட்டும்வரை குக் ஆட்டத்தை நிறுத்தவில்லை. கடைசி நாள் முழுவதற்கும் இலங்கைக்கு 390 இலக்கு. கடைசி ஓவரில் இலங்கையிடம் ஒரு விக்கெட்தான் மிச்சம், முன்னால் நிற்பது பதினொராவது ஆள் நுவன் பிரதீப், பந்தோடு வருவது ஸ்டுவட் புரோட். ஐந்தாவது பந்து கால்காப்பில் பட, நடுவர் விரலை உயர்த்திவிட்டார். இங்கிலாந்து வீரர்கள் வெற்றி கொண்டாடத் தொடங்கினார்கள். பிரதீப் மீளாய்வு கேட்டார். திரையில் பந்து துடுப்பின் உள்விளிம்பில் தெளிவாகப் பட்டிருந்தது. ஆட்டமிழப்பு இல்லை. கடைசிப் பந்து விளிம்பில் பட்டு ஸ்லிப்பை நோக்கிப் போய், கையை எட்டும் முன்பே நிலத்தில் விழுந்தது. 9 விக்கெட்டுக்கு 201.

390 ஓட்டத்தை எடுத்து இலங்கை வெல்லும் வாய்ப்பு அன்று மிகக் குறைவு. 350 என்றாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது. நான்காம் நாள் மாலை பத்து ஓவராவது இலங்கையின் ஆரம்பத் துடுப்பாட்ட வீரர்களுக்குப் போட்டிருந்தால் என்ற கேள்வியை குக் தவிர்க்க முடியாது. அந்தப் பக்கம் நின்று பார்த்தால் இலங்கையும் நாள் முழுவதும் ஆடியது தற்காப்புத்தான், அதை நாம் வீரம் என்று சொல்கிறோம். சரியாகத்தான் சொல்கிறோம். தோற்கக்கூடிய அணி தற்காப்பது கடமை. வெல்லக்கூடிய அணி தற்காக்கும்போதுதான் காரணம் கேட்க வேண்டும்.

ஆக ஒரு கப்டனைக் குறை சொல்லும் முன் நான் கேட்டுப்பார்ப்பது: இந்த நிமிடத்தில் எதிரணி வெல்ல உண்மையான வழி ஏதும் இருக்கிறதா? இருந்தால் அவர் ஆட்களைப் பரப்புவதில் தவறில்லை. வழி அடைபட்ட பிறகும் ஸ்லிப்பில் ஒரே ஒருவரோடு நின்றால், அவர் காப்பது அணியை அல்ல, தன் பெயரை. போட்டி முடிந்தபின் ஸ்கோரைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது எளிது. அந்த நேரத்தில் கையில் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும்.

உலக டெஸ்ட் சம்பியன்ஷிப் வந்த பிறகு கணக்கு இன்னும் கொஞ்சம் மாறியிருக்கிறது. வென்றால் 12 புள்ளி, வெற்றி தோல்வியின்றி முடிந்தால் 4. தோற்றால் ஒன்றுமில்லை. மூன்றில் ஒன்றை வென்று இரண்டில் தோற்பவரும், மூன்றையும் முடிவின்றி விடுபவரும் ஒரே 12 புள்ளியில் நிற்பார்கள். துணிந்தவருக்கு இது சாதகமான கணக்கு என்றே நான் படிக்கிறேன்.

பாடசாலைக் கப்டனுக்குப் புள்ளி அட்டவணை இல்லை. அவன் தோளில் இருப்பது வேறு பாரம். பத்தொன்பது வயதுக்குட்பட்ட ஒரு பெடியன், தன் கல்லூரியின் பழைய மாணவர்கள் வெளிநாட்டில் இருந்தெல்லாம் வந்து பார்த்துக்கொண்டிருக்க, மூன்றாம் நாள் மத்தியானம் எப்போது டிக்ளேர் செய்வதென்று முடிவெடுக்க வேண்டும். தோற்றால் அடுத்த மார்ச் வரை ஊரில் கேட்டுக்கொண்டே இருப்பார்கள், அடுத்த வருடம் அவன் அணியிலேயே இருக்க மாட்டான். மூன்று நாள் போட்டியில் 150 ஓட்டம் முன்னிலை இருந்தால் எதிரணியை பொலோ ஒன் ஆட, அதாவது உடனேயே இரண்டாவது இன்னிங்ஸையும் ஆட வைக்கலாம், ஐந்து நாள் டெஸ்டில் 200 வேண்டும். இந்த 150ஐக் கடந்தும் பொலோ ஒன் கொடுக்காமல் தானே மீண்டும் துடுப்பெடுத்து ஆடும் கப்டனைப் பார்த்து வெளியே இருந்து கத்துகிறோம். களைத்துப்போன இரண்டு வேகப்பந்து வீச்சாளர்கள், மார்ச் வெயில், அவனுடைய காரணம் அதுவாக இருக்கலாம். நேரம் குறைந்த போட்டியில் நான் பொலோ ஒன் பக்கம்தான். ஆனால் அவனைப் பயந்தவன் என்று சொல்ல மாட்டேன்.

கடைசியாக, கப்டன்கள் கைகொடுத்து ஆட்டத்தை முடிப்பது. கடைசி மணித்தியாலத்தில் இனி முடிவு வராது என்று இருவரும் ஒத்துக்கொண்டால் மிச்ச ஓவர்களை ஆட வேண்டியதில்லை. நல்ல விதி. 2011 ஜூலையில் டொமினிக்காவில் அது பயன்பட்ட விதம் மட்டும் எனக்கு இன்றும் ஒத்துக்கொள்ளவில்லை. இந்தியாவுக்கு 47 ஓவரில் 180 இலக்கு. 32 ஓவரில் 3 விக்கெட்டுக்கு 94. மிச்சம் 15 ஓவர், 86 ஓட்டம், கையில் 7 விக்கெட், களத்தில் ராகுல் திராவிட்டும் லக்ஷ்மணும். நாக்பூரில் அவ்வளவு கணக்காக ஆடிய அதே தோனி இங்கே கைகொடுத்துவிட்டார். தொடரில் 1–0 முன்னிலை, தோற்றால் 1–1, ஆடுகளமும் மெதுவானது, ஓட்டம் எடுப்பது கடினம். இவை எல்லாம் உண்மை. ஆனால் 15 ஓவரில் ஏழு விக்கெட்டையும் இழப்பதற்கான சாத்தியம் எவ்வளவு? ஓவருக்கு ஆறுக்குக் கொஞ்சம் குறைவான ஓட்டம் அது. முதல் ஐந்து ஓவர் முயன்று பார்த்து, இரண்டு விக்கெட் போனால் அப்போது திராவிட் மறித்து ஆடட்டும், கையை அப்போது கொடுக்கட்டும். விதி அதற்கும் இடம் வைத்திருந்தது.